தடித்த சம அகல எழுத்துரு: வடிவமைப்பும் பயன்பாடும்

பெரும்பாலான எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்தும் தன் வடிவத்துக்கு வேண்டிய அளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தின் சிறிய ஐ ஒற்றைக் கோட்டளவில் முடிந்துவிட, சிறிய எம் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, சொல்லிடைவெளி என எல்லாவற்றுக்கும் ஒரே அகலத்தை விதித்துவிட்ட எழுத்துரு சம அகல எழுத்துரு எனப்படும். கோடுகளின் நுனியில் வரும் சிறு குறுக்குக் கோட்டுக்குச் செரிஃப் என்று பெயர். அது இல்லாமல் கோடுகள் மொட்டையாக முடியும் எழுத்துருக்களைச் சான்செரிஃப் என்பர். சம அகலம், செரிஃப் இன்மை என்னும் இவ்விரண்டு பண்புகளோடு தடிமனும் சேர்ந்த வகையே இவ்வியலின் பொருள்.

தடித்த எழுத்து என்றால் சாதாரண எழுத்தின் மீது கொஞ்சம் மையைக் கூட்டிப் பூசிய வடிவம் என்றே பலரும் கருதுகின்றனர். அகலம் மாறக்கூடிய எழுத்துருவில் இந்தக் கருத்தால் பெரிய கேடு விளைவதில்லை. தண்டு பருத்தால் எழுத்தையே சற்று அகலமாக்கி உள்ளிருக்கும் வெற்றிடத்தைக் காப்பாற்றிவிடலாம் என்பதால், தடித்த வரி சாதாரண வரியைவிட நீண்டு ஓடுவதோடு சிக்கல் முடிந்துவிடும். சம அகல எழுத்துருவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே கூடுகிற கருமை முழுவதையும் எழுத்தின் உள்ளும் புறமும் உள்ள வெள்ளை இடத்திலிருந்தே எடுத்தாக வேண்டும். எந்த எழுத்தில் வெள்ளை முன்பே குறைவோ அந்த எழுத்துதான் முதலில் கெடும். இவ்வகை எழுத்துருவை வரைவதிலும் தேர்வதிலும் கையாள்வதிலும் எழும் கேள்விகள் ஏறத்தாழ எல்லாமே இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்து கிளைப்பவை.

அகலம் நிலைபெற்ற விதம்

சம அகலம் அழகுணர்ச்சியால் பிறந்ததன்று, பொறியின் தேவையால் பிறந்தது. தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தியதும் தாளைத் தாங்கிய உருளை ஒரு பல் அளவு நகர்கிறது. அடிக்கப்பட்டது ஐ எழுத்தா எம் எழுத்தா என்பதைப் பற்சக்கரம் அறியாது. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் ஷோல்ஸ், கிளிடன் ஆகியோரின் பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததற்குப் பின், ஓர் அங்குலத்தில் 10 எழுத்து அடங்கும் பைக்கா, 12 எழுத்து அடங்கும் எலீட் என்னும் இரண்டு அளவுகள் காலப்போக்கில் வழக்கில் நிலைத்தன. இன்றைய கணினி எழுத்துருக்களிலும் இந்த அளவுகள் மறைந்திருக்கின்றன. எழுத்துருவின் அளவுகளைக் குறிக்க எழுத்துச் சதுரம் என்னும் கற்பனைச் சதுரம் பயன்படுகிறது; அதன் பக்கத்தை 1,000 அலகாகப் பிரித்துப் பார்த்தால், சோர்ஸ் கோட் புரோ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ, ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ ஆகியவற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் 600 அலகு அகலம் ஒதுக்கப்பட்டிருப்பது தெரியும். 12 புள்ளி அளவில் 600 அலகு என்பது 7.2 புள்ளி, அங்குலத்துக்கு 72 புள்ளி என்பதால் சரியாக 10 எழுத்து அடங்கும். அதே எழுத்துருவை 10 புள்ளியில் வைத்தால் 12 எழுத்து அடங்கும். பழைய பைக்காவும் எலீட்டும் அப்படியே திரும்ப வந்துவிடுகின்றன.

600 என்பது மரபே தவிர விதியன்று. மைக்ரோசாஃப்டுக்காக லூக்காஸ் டி க்ரூட் வரைந்த கன்சோலாஸ் ஏறத்தாழ 550 அலகும், ராஃப் லெவியன் வரைந்த இன்கன்சோலாட்டா 500 அலகும் கொண்டவை. அகலம் குறையக் குறைய ஒரு வரியில் அதிக எழுத்து அடங்கும் என்பது நிரல் எழுதுவோருக்கு உவப்பான செய்தி; ஆனால் தடித்த வடிவத்துக்குக் கிடைக்கும் இடமும் அதே அளவுக்குச் சுருங்குகிறது என்பதை எழுத்துருவைத் தேர்வோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அகலத்தை மாற்றாமல் தடிக்கச் செய்ய வேண்டிய நெருக்கடி தட்டச்சுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1886-இல் நியூயார்க்கின் செய்தித்தாள் அச்சகமொன்றில் வேலைசெய்யத் தொடங்கிய லைனோடைப் பொறியில், பிற்காலத்தில் ஒரே பித்தளை வார்ப்பச்சில் இரண்டு வடிவங்களைச் செதுக்கும் முறை வந்தது. சாதாரண எழுத்தும் அதற்கு இணையான தடித்த எழுத்தோ சாய்ந்த எழுத்தோ ஒரே உலோகத் துண்டில் மேலும் கீழுமாக இருந்தமையால் இரண்டும் ஒரே அகலத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. லைனோடைப் காலத்துத் தடித்த எழுத்துகள் சில சற்றே நெருக்குண்டு தோன்றுவதற்கு இதுவே காரணம்.

செரிஃப் இல்லாத சம அகல எழுத்துக்கு முன்னோடிகளில் ஒன்று லெட்டர் காத்திக். ஐபிஎம் நிறுவனத்தில் ரோஜர் ராபர்சன் 1956-க்கும் 1962-க்கும் இடையில் அதை வரைந்தார். 1961-இல் வெளிவந்த செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறியில் எழுத்துகள் யாவும் ஓர் உருண்டையின் மேல் பொறிக்கப்பட்டிருந்தன. உருண்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் வேறு எழுத்துருவில் அடிக்கலாம், ஆனால் எந்த உருண்டையாயினும் பொறியின் நகர்வு அளவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். கணினி வந்தபோது இந்தக் கட்டுப்பாடு கட்டங்களாக உருமாறியது. 1928-இல் ஐபிஎம் புகுத்திய துளை அட்டையின் 80 நெடுவரிசைகள், 1978-இல் வந்த விடி100 முனையத்தின் 80 எழுத்து அகலமுள்ள திரையிலும் தொடர்ந்தன. எழுத்துருவைத் தீர்மானித்தது இந்தக் கட்டமே.

எம் எழுத்தின் நெருக்கடி

தடித்த சம அகல எழுத்துரு ஒன்றின் தரத்தை அறிய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது சிறிய எம். ஓர் எளிய கணக்கு காரணத்தைக் காட்டும். 600 அலகு அகலத்தில் இருபுறமும் 30 அலகு பக்க இடைவெளி விட்டால் 540 அலகு மிஞ்சுகிறது. சாதாரண வடிவில் தண்டு ஒன்றுக்கு 80 அலகு என்று கொண்டால் மூன்று தண்டுக்கு 240 போக, உள்ளிருக்கும் இரண்டு வெற்றிடங்களுக்கும் தலா 150 அலகு கிடைக்கும். தடித்த வடிவில் தண்டை 150 அலகாக்கிவிட்டால் மூன்றுக்கும் சேர்த்து 450 செலவாகி, வெற்றிடம் ஒன்றுக்கு 45 அலகு மட்டுமே எஞ்சும். தண்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்தப் பிளவு சிறிய அளவுகளில் மூடிக்கொண்டு, எழுத்து ஒரு கறுப்புப் பெட்டியாகிவிடும்.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கையாளும் வழிகள் பல. நல்ல எழுத்துருக்களில் அவை ஒன்றாகவே வருகின்றன. எம் எழுத்தின் தண்டுகளை மட்டும் மற்ற எழுத்துகளின் தண்டைவிட மெலிதாக்குவது முதல் வழி. மேற்சொன்ன கணக்கில் தண்டை 115 அலகாகக் குறைத்துப் பக்க இடைவெளியையும் 15 அலகாக்கினால் வெற்றிடம் ஒன்றுக்கு 112 அலகுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. மெலிந்த தண்டு வெளிறித் தெரியாதா என்னும் ஐயம் இயல்பானது. மூன்று தண்டுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒட்டுமொத்தக் கருமை தானாகவே கூடுவதால், அளவுகோலுக்குத் தெரியும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. நடுத்தண்டை அடிக்கோடு வரை இறக்காமல் பாதியில் நிறுத்தி, கீழே இரு வெற்றிடங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது இரண்டாவது வழி. வளைவு தண்டோடு கூடும் மூட்டில் கோட்டை ஆழமாக வெட்டி மெலிதாக்குவது மூன்றாவது. மேத்யூ கார்ட்டர் 1978-இல் அமெரிக்கத் தொலைபேசி விவரத் தொகுப்புகளுக்காக வரைந்த பெல் சென்டெனியல் எழுத்துருவில், மட்டமான தாளில் மை பரவிக் கூடுவதைத் தாங்கிக்கொள்ள மூட்டுகளில் விடப்பட்ட வெட்டுகள் இந்த உத்தியின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அது சம அகல எழுத்துரு இல்லையென்றாலும்.

பழைய திரைகளில் இந்த வழிகளும் கைகொடுக்கவில்லை. 12 பிக்சல் அளவில் 600 அலகு எழுத்து 7.2 பிக்சல் ஆகி, முழு எண்ணாக 7 பிக்சலுக்குள் அடக்கப்படும். ஒரு பிக்சல் தண்டு மூன்றும் ஒரு பிக்சல் வெற்றிடம் இரண்டும் சேர்ந்து ஐந்து பிக்சலில் சாதாரண எம் அமைந்துவிடும். தண்டை இரண்டு பிக்சலாக்கினால் எட்டு வேண்டும், இருப்பதோ ஏழு. ஆகவே பிக்சல் அடர்த்தி குறைந்த திரையில் சிறிய அளவிலான தடித்த எம் சரியாக வரைய முடியாத ஒன்றாகவே இருந்தது. அடர்த்தி இரு மடங்கான திரைகள் பரவிய பிறகே வடிவமைப்பாளர் காகிதத்தில் எண்ணியது திரையில் தெரியத் தொடங்கியது. பழைய மேசைக் கணினித் திரைகள் இன்னும் புழங்கும் அலுவலகங்களுக்கு எழுத்துருவைத் தேர்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

2023-இல் கிட்ஹப் வெளியிட்ட மோனாஸ்பேஸ் எழுத்துருக் குடும்பம் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வை முன்வைத்தது. எம் எழுத்துக்குப் பக்கத்தில் ஐ போன்ற ஒல்லியான எழுத்து வந்தால், கட்டத்தின் மொத்த அளவை மாற்றாமல், ஒல்லி எழுத்து சற்றே விலகிக் கொடுத்த இடத்தில் எம் பரவிக்கொள்ளும் மாற்று வடிவங்கள் அதில் உண்டு. இடம் கிடைக்கும்போது மட்டுமே பயன்படும் தீர்வு என்றாலும், கட்டத்தை உடைக்காமலேயே நெருக்கத்தைத் தளர்த்தலாம் என்பதை அது காட்டியது.

ஒல்லி எழுத்துகள் தரும் தொல்லை நேர் எதிரானது. சிறிய ஐ, எல், ஆர் போன்றவை 600 அலகுக் கட்டத்தில் நட்ட நடுவே நின்று இருபுறமும் பள்ளம் விட்டுவிடும்; சொல் துண்டு துண்டாகத் தெரியும். அதனால்தான் சான்செரிஃப் என்று பெயர் பெற்ற எழுத்துருக்களிலும் சிறிய ஐ, பெரிய ஐ முதலியவற்றுக்குக் குறுக்குக் கோடுகள் வைக்கப்படுகின்றன. தூய்மைவாதிகள் முகம் சுளித்தாலும், இந்த விதிவிலக்கு இல்லாத சம அகலச் சான்செரிஃப் படிப்பதற்கு உதவாது. தடித்த வடிவில் அக்குறுக்குக் கோடுகள் தண்டைவிட மெலிதாக இருக்க வேண்டும். தண்டின் தடிமனையே அவற்றுக்கும் கொடுத்தால் வரியின் அடியில் கறுப்புத் திட்டுகள் வரிசையாகத் தோன்றி, கண் எழுத்தை விட்டு அவற்றைத் தொடரும்.

குழப்பம் தரும் இணைகள்

சம அகல எழுத்துருவின் முதன்மையான கடமை, ஒரு குறியை இன்னொன்றாகப் படிக்க விடாமல் இருப்பது. கதையில் ஓர் எழுத்து மங்கினால் சொல்லின் பொருள் காப்பாற்றும். கடவுச்சொல்லிலோ நிரலிலோ வரிசை எண்ணிலோ காப்பாற்ற எதுவுமில்லை. சுழியமும் பெரிய ஓவும், எண் ஒன்றும் சிறிய எல்லும் பெரிய ஐயும், எட்டும் பெரிய பியும், ஐந்தும் பெரிய எஸ்ஸும் அடிக்கடி மாறித் தோன்றும் இணைகள். தடிமன் கூடும்போது இவற்றின் வேறுபாட்டைத் தாங்கும் சிறு வெற்றிடங்களே முதலில் நிரம்புகின்றன என்பதால், சாதாரண வடிவில் தெளிவாக இருந்த எழுத்துரு தடித்த வடிவிலும் தெளிவாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

சுழியத்தை எடுத்துக்கொண்டால், அதை ஓவிலிருந்து பிரித்துக்காட்ட உள்ளே சாய்கோடு இழுப்பதும் புள்ளி வைப்பதும் இருபெரும் மரபுகள். கன்சோலாஸ், மென்லோ ஆகியவை சாய்கோட்டைக் கொண்டவை. சோர்ஸ் கோட் புரோவும் ஐபிஎம் பிளெக்ஸ் மோனோவும் புள்ளியைக் கொண்டவை. சாய்கோட்டுச் சுழியம் டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் வழங்கும் ஓர் எழுத்தை ஒத்திருப்பதால் அம்மொழியினருக்கு அது புதிய குழப்பத்தை உண்டாக்குகிறது. தடித்த வடிவில் சாய்கோடு உள்வெளியை இரண்டு சிறு முக்கோணங்களாக வெட்டிவிடுவதால், சிறிய அளவில் சுழியம் எட்டைப்போலத் தோன்றக்கூடும். புள்ளியோ பெருத்து நாற்புறமும் சுவரைத் தொட முனையும். இரண்டில், தடித்த எழுத்துக்கு ஒடுங்கிய நெட்டுப் புள்ளியே ஏற்றது என்பது இவ்வியலின் பரிந்துரை. மேலும் கீழும் இடம் மிச்சமிருக்கும் வடிவில் நெட்டாக நீளும் குறி பக்கவாட்டில் இடத்தைத் தின்பதில்லை.

நிறுத்தற்குறிகளின் மீது பலர் கண் பதிப்பதில்லை. தடித்த வடிவில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் பெருக்க வேண்டும், அதோடு காற்புள்ளியின் வால் நீளவும் வேண்டும். புள்ளி மட்டும் பெருத்து வால் அப்படியே நின்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். அலைக்குறியும் கழித்தல் குறியும் அவ்வாறே. நெளிவு தெரியாத அளவுக்குப் பருத்த அலைக்குறி கோடாகவே படிக்கப்படும்.

உண்மையான தடிப்பும் போலித் தடிப்பும்

வழக்கமான தட்டச்சுப் பொறியில் தடித்த எழுத்துக்குத் தனி அச்சு கிடையாது. ஒரு சொல்லை அடித்து, பின்னோக்கி வந்து, அதன் மேலேயே மறுமுறை அடிப்பதே தடிப்பாக இருந்தது. இந்தப் பழக்கம் கணினிக்குள்ளும் நுழைந்தது: யூனிக்ஸ் இயங்குதளத்தின் என்ராஃப் என்னும் ஆவண நிரல், தடித்த எழுத்தைக் குறிக்க எழுத்து, பின்னகர்வுக் குறி, மீண்டும் அதே எழுத்து என்று எழுதி அனுப்பியது, வரி அச்சுப்பொறி அதை இருமுறை அடித்துக் கருமையாக்கும். 1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 போன்ற புள்ளி அச்சுப்பொறிகள், எழுத்தைச் சற்றே பக்கவாட்டில் தள்ளி மறுபடி அடித்தோ, தாளை அங்குலத்தின் 216-இல் ஒரு பங்கு நகர்த்தி மறுபடி அடித்தோ தடிப்பை உண்டாக்கின. முனையத் திரைகளில் எக்மா-48 தரவரையறை 'தடிப்பு அல்லது கூடுதல் ஒளி' என்று ஒரே கட்டளைக்கு இரண்டு பொருள் வைத்தது; அதனால் சில முனையங்கள் எழுத்தைப் பருமனாக்கும், சில நிறத்தை மட்டும் வெளுப்பாக்கும். இன்றும் ஒரே நிரல் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகத் தோன்றுவதற்கு இந்தப் பழைய இரட்டைப் பொருளும் ஒரு காரணம்.

இவையெல்லாம் சாதாரண வடிவத்தையே ஊதிப் பெருக்கும் போலித் தடிப்புகள். வலைப்பக்கங்களிலும் சொற்செயலிகளிலும் இன்று நேர்வதும் அதுதான்: தடித்த கோப்பு நிறுவப்படாத எழுத்துருவில் தடிப்பைக் கேட்டால் மென்பொருள் மறுக்காமல் ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். எம் எழுத்துக்கான தனிக் கவனிப்பு எதுவும் அந்த இயந்திரத் தடிப்பில் கிடையாது. வெளிக்கோட்டை எல்லாத் திசையிலும் சம அளவில் தள்ளுவதால் உள்வெளிகள் சுருங்கும், சில மென்பொருள்கள் எழுத்தின் அகலத்தையும் கூட்டிவிடுவதால் கட்டமே குலையும். வலைப்பக்கம் அமைப்போர் தடித்த கோப்பையும் உடன் இணைப்பதோடு, போலித் தடிப்பைத் தடைசெய்யும் ஃபான்ட்-சிந்தசிஸ் என்னும் சிஎஸ்எஸ் பண்பை 'நன்' என்று அமைத்துவிடுவது நல்லது. அப்போது கோப்பு வந்துசேராவிட்டால் தடிப்பே தெரியாது. பிழை உடனே கண்ணில் படும்.

உண்மையான தடித்த கோப்பு இருக்கிறதா என்பதையும் அது கட்டத்துக்குள் நிற்கிறதா என்பதையும் அறிய ஒரே சோதனை போதும். ஒரே வரியை, நாற்பது எழுத்துக்குக் குறையாமல், மேலே சாதாரண வடிவிலும் கீழே தடித்த வடிவிலும் அடித்துப் பார்த்தால் இரண்டு வரிகளும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த இணை நிரலுக்கோ பட்டியலுக்கோ பயன்படாது. அந்த வரியிலேயே எம், டபிள்யூ, சுழியம், ஓ, எட்டு, பி, ஒன்று, எல், ஐ ஆகியவற்றை வேண்டுமென்றே நெருக்கி வைத்தால், வேலைக்கு உண்மையில் பயன்படப்போகும் அளவிலேயே அவற்றின் தெளிவையும் பார்த்துவிடலாம். எழுத்துரு விற்போர் காட்டும் பெரிய மாதிரிப் படங்களில் எல்லாத் தடித்த எழுத்தும் அழகாகவே தெரியும்.

2016-இல் அறிமுகமான மாறும் எழுத்துரு என்னும் முறையில் ஒரே கோப்புக்குள் தடிமன் ஓர் அச்சாக அமைந்து, 400 என்னும் சாதாரண நிலைக்கும் 700 என்னும் தடித்த நிலைக்கும் இடைப்பட்ட எந்த மதிப்பையும் தேர முடிகிறது. அகலம் மாறும் எழுத்துருவில் இந்த அச்சை நகர்த்தினால் வரிகள் நெளியும். சம அகல எழுத்துருவில் ஒரு புள்ளிகூட அசையாது. தடிமனை நுணுக்கமாகத் தேரும் உரிமை, அகல உரிமையை இழந்த எழுத்துருவுக்கே முழுப் பயன் தருவது இதிலுள்ள விந்தை.

எங்கே பயன்படுத்துவது

நிரல் எழுதும் திரையில் தடித்த எழுத்து அடையாளக்குறியாகப் பயன்பட வேண்டும், உரைநடையாக அன்று. மொழியின் சிறப்புச் சொற்களையோ செயற்கூறுகளின் பெயர்களையோ தடித்துக் காட்டினால், கண் நீண்ட கோப்பில் நின்று பற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். நிரல் முழுவதையும் தடித்த எழுத்தில் வைத்துக்கொள்வோர் அந்தப் பயனைத் தாமே அழித்துக்கொள்கின்றனர். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஒளிர்ந்து விரிந்து தோன்றுவதால், அங்கே 700-க்குப் பதில் 600 அல்லது 500 தடிமனே தடித்த எழுத்தின் வேலையைச் செய்துவிடும்.

அச்சு நூல்களில் நிரலை வெளியிடும்போது கணக்கு முதலில் வர வேண்டும். டெமி அளவு நூலில் எழுத்துப் பகுதியின் அகலம் நாலேகால் அங்குலம், அதாவது 306 புள்ளி என்று கொண்டால், 80 எழுத்து வரியை அதில் அடக்க எழுத்தின் அளவு ஆறரைப் புள்ளிக்கும் கீழே இறங்கிவிடும். தடித்த எம் அந்த அளவில் அச்சில் நிச்சயம் அடைபடும். 9 புள்ளியில் வைத்தால் ஒரு வரிக்கு 56 எழுத்துதான். ஆகவே நூலாசிரியர் நிரலை 56 எழுத்துக்குள் முன்பே மடித்துத் தருவது, பதிப்பாளர் எழுத்தைச் சிறுக்கவைப்பதைவிட எவ்வளவோ மேல். ஏ4 தாளில் இருபுறமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டால் 9 புள்ளியில் 80 எழுத்தும் தாராளமாக அடங்கிவிடுவதால் இந்தச் சிக்கல் அறிக்கைகளில் எழுவதில்லை.

தொகைப் பட்டியல்களில் தடித்த சம அகல எழுத்துக்கு இணையில்லை. அகலம் மாறும் எழுத்துருக்கள் பலவற்றில் எண்களை மட்டும் சம அகலமாக்கும் வசதி உண்டு. பெரும்பாலான விலைப்பட்டியல்களுக்கு அதுவே போதும், முழு எழுத்துருவையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் தடித்த எண்கள் சாதாரண எண்களைவிட அகலமாக இருப்பது வழக்கம் என்பதால், கடைசியில் வரும் மொத்தத் தொகையைத் தடித்துக் காட்டியதும் அதன் இலக்கங்கள் மேலே உள்ளவற்றோடு நேர்நிற்கா. சம அகல எழுத்துருவில் ஆயிரம் ஆயிரத்தின் கீழும் நூறு நூறின் கீழும் நிற்கும்.

கடைகளில் ரசீது அடிக்கும் வெப்ப அச்சுப்பொறி இதே கட்டத்தில்தான் இயங்குகிறது. 58 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் அகலம் பொதுவாக 384 அச்சுப் புள்ளி (மேலே சொன்ன எழுத்தளவுப் புள்ளி அன்று). எழுத்து ஒன்றுக்கு 12 புள்ளி என்பதால் ஒரு வரிக்கு 32 எழுத்து. பொருளின் பெயர், அளவு, விலை, தொகை யாவும் இந்த 32 கட்டத்தில் பங்கிடப்பட வேண்டும். தடிப்புக் கட்டளை கட்டத்தைக் கூட்டுவதில்லை, ஆகவே மொத்தத் தொகைக்கு அச்சமின்றிப் பயன்படுத்தலாம். இரட்டை அகலக் கட்டளையோ வரியை 16 எழுத்தாகச் சுருக்கிவிடுவதால் கடையின் பெயருக்கு மட்டும் பொருந்தும். வெப்பத் தாள் நாளடைவில் மங்கும் இயல்புடையது. பொருளின் உத்தரவாதத்துக்காக வைத்திருக்க வேண்டிய ரசீதில் தேதியும் ரசீது எண்ணும் தடித்து அடிக்கப்பட்டிருந்தால் வாடிக்கையாளருக்கு நல்லது.

தடித்த, ஏறத்தாழ சம அகலச் சான்செரிஃப் எழுத்துக்குப் பொதுவெளியில் அதிகம் காணக் கிடைக்கும் எடுத்துக்காட்டு ஜெர்மனியின் வாகனப் பதிவுத் தகடு. கார்ல்கியோர்க் ஹோஃபர் 1970-களின் இறுதியில் வரைந்த எஃப்இ எழுத்துரு 2000-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் புதிய தகடுகளுக்குக் கட்டாயமானது. 75 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்துகளுக்கு 47.5 மில்லிமீட்டரும் எண்களுக்கு 44.5 மில்லிமீட்டரும் அகலம் விதிக்கப்பட்டிருக்கின்றன. கறுப்பு வண்ணத்தைத் தீட்டிப் பியை ஆராகவும் எஃபை ஈயாகவும் மாற்றும் மோசடியைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பதால், ஒத்த எழுத்துகளின் விகிதங்கள் வேண்டுமென்றே வேறுபடுத்தப்பட்டுள்ளன. எழுத்துகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கோணலாகத் தெரிகின்றன என்பது உண்மைதான். சுவரொட்டிக்கு ஆகாத அந்தக் கோணல் தகட்டுக்குத் தேவைப்படுகிறது. இதற்கு மாறாக, கண்ணைவிட இயந்திரத்தை முதன்மையாகக் கருதிய இடத்தில் தடிப்பு தவிர்க்கப்பட்டது. கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரியில், வரிக்கு 44 குறியாக அச்சாகும் எழுத்து அட்ரியன் ஃப்ருட்டிகர் 1968-இல் வரைந்த ஓசிஆர்-பி. இயந்திரம் பிழையின்றிப் படிக்க உள்வெளி திறந்திருக்க வேண்டுமென்பதால் அங்கே கோடு மெலிந்ததாகவே இருக்கிறது.

விளம்பரங்களிலும் நூலட்டைகளிலும் 'தொழில்நுட்பத் தோற்றம்' வேண்டித் தடித்த சம அகல எழுத்தை வைப்பது அண்மைக் கால வழக்கம். மூன்று நான்கு சொற்களுக்கு அது பொருந்தும், பத்திக்குப் பொருந்தாது.

தமிழோடு சேரும்போது

மேலே கூறியவை யாவும் லத்தீன் எழுத்துக்கு உரியவை. தமிழில் எழுத்துகளின் இயல்பான அகல வேறுபாடு இன்னும் பெரிது. ஒடுங்கி நிற்கும் ரகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் ஒரே கட்டம் என்றால், ணகரம் எம் எழுத்து படும் பாட்டை இரு மடங்காகப் படும். 1930-களில் ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியில், புள்ளி போன்ற குறிகளுக்கு உருளையை நகர்த்தாத விசைகள் அமைந்தன. ஒரு குறியை முந்தைய இடத்திலேயே ஏற்றி வைக்கும் அந்த உத்தி, ஒரு விசைக்கு ஒரு நகர்வு என்னும் விதியைத் தமிழுக்காக வளைத்தது.

கணினி முனையத்தில் அந்த வளைவு சீராக நடப்பதில்லை. 'தமிழ்' என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரிவன மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடுகள். நீளத்தைக் குறியீட்டுக் கணக்கில் அளக்கும் நிரல் ஐந்து கட்டம் என்று கருதி இடைவெளியை நிரப்பும். புள்ளிக்கு இடம் ஒதுக்காத முனையம் அதை நான்கு கட்டத்தில் காட்டும். இகரக் குறியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடும் முனையம் மூன்றில் முடிக்கும். இதற்கும் மேலாக, நிரல் எழுத்துருவில் தமிழ் இல்லாதபோது இயங்குதளம் நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற அகலம் மாறும் எழுத்துருவைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். தடிப்பைக் கேட்டால் அந்தத் துணை எழுத்துருவின் தடிமன் லத்தீன் எழுத்தின் தடிமனோடு ஒத்துப்போவதும் அரிது.

ஆகவே தமிழும் எண்ணும் கலந்த பட்டியலை வெற்று உரையாக அமைப்போர், எண் நெடுவரிசைகளை இடப்புறத்தில் வைத்துத் தமிழ்ப் பெயரை வரியின் கடைசியில் வைப்பது எளிய வழி; அதன் பின்னே நேர்நிற்க வேண்டியது எதுவும் இல்லாததால் அகலம் எப்படி மாறினாலும் கேடில்லை. அச்சுக்கும் வலைப்பக்கத்துக்கும் இடைவெளிக் குறிகளால் கட்டம் கட்டாமல் உண்மையான அட்டவணையையே பயன்படுத்த வேண்டும். வெப்ப அச்சுப்பொறியில் தமிழைப் படமாக மாற்றி அனுப்பும்போது, பெயருக்கு ஒதுக்கிய புள்ளி அகலத்தை நிரலே அளந்து, மிஞ்சினால் பெயரை அடுத்த வரிக்கு மடித்துவிட வேண்டும். தமிழ்ப் பகுதிக்கு முழுத் தடிப்பைவிட ஓரளவு தடித்த இடைநிலை வடிவத்தைத் தேர்ந்தால், ணகரத்தின் சுழிகளும் ஞகரத்தின் வளைவும் அங்குலத்துக்கு 203 அச்சுப் புள்ளி என்னும் அடர்த்தியில் அடைபடாமல் திறந்து நிற்கும்.